கொசுவலை வியாபாரி கண்ணில் குடிவந்த புழு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். என் வலது கண்ணில் ஒரு புழு இருந்தது, செவ்வாய்க்கிழமை உயிரோடு வெளியே எடுத்தார்கள், அதுவும் சுகம்தான். பதறிப்போய் டிக்கெட் போட்டுவிடாதே, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, இதை நானேதான் எழுதுகிறேன்.

கண் உறுத்தியபோது வலை நூல் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், கொசுவலை விற்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும். கைக்குட்டை நுனியால் எடுக்கப் பார்த்தால் நூல் நழுவி அந்தப் பக்கம் போகிறது, நம் சரக்கு அவ்வளவு வழுவழுப்பு என்று எனக்குப் பெருமை வேறு. மொத்தமாக வலை வாங்க வந்த விடுதிக்காரர்தான், நான் விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஐயோ முதலாளி உங்க கண்ணுல என்னமோ நெளியுது என்று அலறிக்கொண்டு படியிறங்கி ஓடினார். அம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள், ஒரு நிமிடம் உட்கார்ந்தாள், பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தவள் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை.

கண் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இது நாய் உடம்பில் இருக்கிற புழுவாம், நாயைக் கடித்த கொசு என்னையும் கடித்ததில் வந்திருக்கிறது, மற்றவர்களுக்கு ஒட்டாது. விழியின் மேல் தோலுக்கு அடியில் இருக்கும்வரை எடுப்பது சுலபம், விழிக்கு உள்ளே இறங்கிவிட்டால் பார்வையே போகலாம் என்றார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே தரம் சொல்லி முன்னுக்கு வந்தவன் நான், இந்தக் கண்தானே என் மூலதனம். வீட்டில் கொசுவலை கட்டிப் படுப்பீர்களா என்று அடுத்த கேள்வி. நான் கூரையைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் விக்கிறாரு டாக்டர், வீட்டுக்கு ஒண்ணு கேட்டா பிரிச்ச சரக்கை அப்புறம் யாரு வாங்குவான்னு கேக்கிறாரு என்று அம்மா போட்டு உடைத்தாள். நர்ஸ் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு குலுங்கியது.

மரத்துப்போக மருந்து விட்டதும் புழு ஒளிந்துகொண்டது, கடன் கேட்டுப் போனால் சிலர் ஒளிவார்களே அதுமாதிரி. அறையே என் கண்ணைப் பார்த்துக் காத்திருந்தது. தலைகாட்டியதும் டாக்டரம்மா சின்னதாகக் கீறி, பாவாடை நாடா உருவுவதுபோல உருவினார், வந்துகொண்டே இருந்தது. மாணவர்களுக்குக் காட்ட வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். என் உடம்பில் என் சாப்பாட்டில் வளர்ந்தது, சும்மா கொடுக்க மனசு வருமா, கண்ணில் கட்டோடு படுத்தபடியே பேரம் பேசினேன்.

நீ வளர்க்கிற நாய்க்குட்டியைக் கால்நடை டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கிக் கொடு, மறந்துவிடாதே. ஜன்னலைச் சாயங்காலமே சாத்து. கண் உறுத்தினால் என்னைப்போல் மேதாவித்தனம் பண்ணாதே. நல்லா இரு, நீண்ட நாள் இரு.

உன் அப்பா.

பேரம் எப்படி முடிந்தது என்று கேட்பாய். புழு டாக்டரம்மாவுக்கு, புட்டியில் என் பெயர் கூடாது. ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு வலை என் கடையிலிருந்து, அடக்க விலைக்கு. எங்கள் கட்டிலுக்கு ஒரு பெரிய வலை, அதை நான் கல்லாவுக்கு வெளியே நின்று வாங்கவேண்டும், கல்லாவில் அம்மா உட்காருவாள், முழு விலை, ரொக்கம், தள்ளுபடி கிடையாது.