சவரம் முடிவதற்குள் பன்னிரண்டு சொல்

ஜூன் 3

காலையில் சவரம். இடக் கன்னத்துக்கு ஆறு சொல், வலக் கன்னத்துக்கு ஆறு சொல் என்று மனதுக்குள் சொல்லி முடித்தேன். ஒன்றும் தவறவில்லை. எழுபத்தாறு வயதில் பல் நான்கு போயிற்று, முட்டி போயிற்று, இது போகவில்லை.

போனில் சிவப்பு வட்டத்தை அமுக்கிவிட்டு இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். நான் பேசப் பேசப் போன் எழுதிக்கொள்கிறது. கொச்சையாகச் சொன்னதையும் அது திருத்தி, மேடையில் பேசுகிறவன் மாதிரி எழுதி வைக்கிறதாம். மாப்பிள்ளை வாசித்துக் காட்டிவிட்டு, "உங்களவிட உங்க போனுக்கு மரியாதை தெரியுது மாமா" என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவர். ஊசி போடுகிற மாதிரிதான் பேச்சும்.

மகளுக்கு இன்று கம்ப்யூட்டரில் ஏதோ கடிதம் வந்தது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சம்பள வேலை அவளுக்கு வேறு இருக்கிறது. இது அவள் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. அவளும் வெவ்வேறு நாடுகளில் இருக்கிற நான்கு பேரும் சேர்ந்து ஒரு பூட்டைப் பராமரிக்கிறார்கள். இரும்புப் பூட்டு இல்லை. ஒரு மெஷின் இன்னொரு மெஷினோடு பேசுவதை நடுவில் யாரும் ஒட்டுக் கேட்காமல் பார்த்துக்கொள்கிற பூட்டு. பாங்கி, ஆஸ்பத்திரி, போன், எல்லா இடத்திலும் அதுதானாம். இலவசம்.

ஜூன் 4

கதவு இன்றும் சாத்தித்தான் இருக்கிறது. தட்டு வெளியே வந்தது, சோறு அப்படியே.

ஜூன் 6

இதைப் போனிடம் சொல்லவில்லை. கிடங்கில் பெட்டி எண்களை வைத்திருந்த மாதிரி மனதில் வைத்திருக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு தேதி மாறாமல் சொல்லி யாரையாவது எழுதச் சொல்ல வேண்டும்.

காலையில் மகள், "நடந்துட்டு வரலாம் வாங்கப்பா" என்றாள். என் போனை வாங்கி மேசையில் வைத்தாள், தன்னுடையதையும் வைத்தாள். பஸ் டெப்போ சுவரோரம் இருக்கிற சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். பஸ் கிளம்புகிற சத்தம் வரும்போதெல்லாம் பேசினாள்.

பூட்டில் ஓட்டையாம். எங்கோ படிக்கிற ஒரு பெண் கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள். இரண்டு மெஷின் பேச ஆரம்பித்து, ஒன்று பாதியில் போய்விட்டால், அதுவரை கையில் வாங்கி வைத்ததைப் பூட்டு துடைத்துவிட வேண்டும். துடைக்கவில்லை. அடுத்து வருகிறவன் கையில் அது போய்ச் சேருகிறது. ஒருவருடைய பாஸ்வேர்டாக இருக்கலாம், நோயாளியின் ரிப்போர்ட்டாக இருக்கலாம். நான்கு வருடமாக இப்படி.

நான் கிடங்கில் முப்பத்தொரு வருடம் மூட்டை சுமந்தவன். நாலாம் நம்பர் வாசலில் நடந்ததைச் சொன்னேன். ஒரு லாரிக்காரன் சீட்டு விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் போய்விட்டான். அவன் பெட்டி தள்ளுவண்டியிலேயே இருந்தது. அடுத்து வந்தவன் தன் சரக்கோடு அதையும் ஏற்றிக்கொண்டு போனான். மருந்துப் பெட்டி, எண் 7218.

"அதேதான்ப்பா. அச்சு அசலா அதேதான்" என்றாள்.

சரிசெய்த பூட்டு பதினேழாம் தேதி மதியம் பன்னிரண்டுக்கு உலகம் முழுக்க ஒரே நேரத்தில் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வாய்க்குத் தெரிந்தாலும் திருடன் முந்திக்கொள்வான். மாப்பிள்ளைக்குக்கூடத் தெரியக்கூடாது. அவர் ஆஸ்பத்திரியே இந்தப் பூட்டில்தான் ஓடுகிறது. இருந்தும் சொல்லக்கூடாது.

எனக்கு ஏன் சொன்னாள் என்றால், முத்திரை. இவர்கள் அனுப்புவதில் ஐந்து பேரில் இரண்டு பேருடைய முத்திரை இருந்தால்தான் மெஷின்கள் நம்பும். மகளுடைய முத்திரையைத் திறக்கப் பன்னிரண்டு சொல். ஒன்றுக்கொன்று ஒட்டு உறவு இல்லாத சொற்கள். காகிதத்தில் இல்லை, கம்ப்யூட்டரில் இல்லை. அவள் தலையிலும் என் தலையிலும்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் சொல்லிக் கொடுத்தாள்: "எழுதத் தெரியாதவர்தான்ப்பா எனக்குப் பாதுகாப்பு. எங்கயும் எழுதி வச்சுட மாட்டீங்க." படிக்காததற்கு ஒருத்தி என்னைப் பாராட்டியது அன்று ஒருநாள்தான். பதினேழாம் தேதி அவள் நோயில் படுத்துவிட்டால் அந்தப் பன்னிரண்டையும் நான் சொல்ல வேண்டும்.

திரும்பி மாடி ஏறும்போது, சும்மாதான் கேட்டேன். நான் டைரி சொல்கிற போனிலும் இந்தப் பூட்டா?

"அதுவும்தான். அந்தக் கம்பெனி ரொம்பப் பழசை வச்சிருக்கு" என்றாள்.

ஒன்பதாவது படியில் கால் நின்றுவிட்டது. முட்டி வலி என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 7

ஒன்பதாவது படியில் நினைவுக்கு வந்தது மார்ச் 11. காய்ச்சல் விட்ட மறுநாள். காலை, வெயில் ஜன்னல் பாதிவரை வந்திருந்தது. காய்ச்சல் சொற்களை அடித்துக்கொண்டு போயிருக்குமோ என்று பயம். சிவப்பு வட்டத்தை அமுக்கிப் பன்னிரண்டையும் வாய்விட்டுச் சொன்னேன். ஏழும் எட்டும் மாறி விழுந்தன. மறுபடி சொன்னேன். போனைத் திருப்பி வாசிக்கவிட்டுக் கேட்டேன். சரியாக இருந்தது. என்ன சந்தோஷம் அன்றைக்கு — முட்டாள், முட்டாள்.

காகிதத்தில் எழுதத் தெரியாதவன், எங்கேயோ இருக்கிற மெஷினில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் ஓட்டைப் பூட்டு வழியாக.

இப்போது என்ன? யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பதினேழு வரும், போகும். ஆனால் அந்தச் சொற்கள் யாரிடமாவது போயிருந்தால்? அவள் முத்திரையைப் போட்டு அவன் ஒரு கள்ளப் பூட்டை அனுப்பினால்?

7218-ஐப் பற்றி மகளிடம் முழுசாகச் சொல்லவில்லை. அந்தத் தள்ளுவண்டியைக் காலி செய்ய வேண்டியவன் நான்தான். மூன்று நாள் தெரியாது தெரியாது என்றே இருந்தேன். நான்காம் நாள் வாசல் காவலாளியை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவருக்கு வலது காது மடங்கி இருக்கும். போகும்போது என்னிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டார். நாற்பத்தொரு வருடம் ஆயிற்று. அந்தக் காது இன்னும் கண்ணில் இருக்கிறது.

இந்தத் தடவை மூன்று நாள் ஆகாது.

ஜூன் 8

சொல்லிவிட்டேன்.

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போன் இரண்டும் கீழே. தேதி, நேரம், இரண்டு தடவை சொன்னது, திருப்பி வாசிக்கக் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே நின்றாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள்.

"சத்தமாவா சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"உங்கள நம்பித்தானப்பா நான் எங்கயும் எழுதல."

கத்தியிருந்தால் தேவலை.

கீழே இறங்கப் போனவள் திரும்பி, "எப்ப ஞாபகம் வந்துச்சு?" என்றாள். நேற்று முன்தினம், ஒன்பதாவது படியில் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் 9

மாப்பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர் வாயிலயும் யார் பிளாஸ்திரி ஒட்டினது? நான் இல்லையே" என்றார். நான் ரசம் நன்றாக இருக்கிறது என்றேன். இன்று ரசமே வைக்கவில்லை.

ஜூன் 10

மகள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். திரையில் நான்கு முகம். இது ஓட்டைப் பூட்டு இல்லை, வேறு வழி என்றாள். நடந்ததை அவர்களிடம் அவளே சொல்லியிருந்தாள். என் பெயரில் தள்ளவில்லை. சொல்லைக் கொடுத்தவள் நான், எங்கே சொல்லக்கூடாது என்று சொல்லிக் கொடுக்காதவளும் நான் என்றாளாம்.

நான், தப்பு என்னுடையது, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மகள் அதை அவர்கள் மொழியில் சொன்னாள். பிறகு அதில் தாடிக்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார், முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா?"

"அவர் தன்னோட சொற்கள மறக்காம இருக்கப் பாட்டா கட்டி வச்சிருக்காராம். தினம் குளிக்கும்போது பாடுவாராம். பாத்ரூம்ல பாட்டுப் போடுற பெட்டி ஒண்ணு இருக்காம்."

"பெட்டிதானே?"

"நம்ம பேசறதக் கேட்டுப் பாட்டுப் போடுற பெட்டிப்பா. அதுவும் இதே பூட்டு."

எனக்குக் கணக்கு உடனே வந்துவிட்டது. என்னுடையது ஒன்று, அவருடையது ஒன்று. இரண்டு முத்திரை இருந்தால் உலகம் நம்பும். நான் வாயைத் திறந்திருக்காவிட்டால் அவருக்கு அந்தப் பெட்டி நினைவுக்கே வந்திருக்காது.

மீதி மூன்று பேரும் தங்கள் சொற்களை எங்காவது வாய்விட்டுச் சொன்னோமா என்று நெஞ்சைத் தொட்டு யோசித்தார்கள். சுத்தம். அந்த மூன்று பேர் சாட்சியாக நின்று, இந்த இருவருடைய பழைய முத்திரையைச் செல்லாதது ஆக்கி, புதியது தர வேண்டும். ஏழே நாள். முடியும் என்றாள் மகள். முடியுமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

ஜூன் 13

வேலை. வேலை. கதவு திறந்தே இருக்கிறது இப்போது.

ஜூன் 15

கண்ணாடி முன்னால் நின்றால் பழைய பன்னிரண்டும் தானாக வருகின்றன. செல்லாத சொற்கள். நிறுத்தத் தெரியவில்லை. இடக் கன்னத்தில் வெட்டிக்கொண்டேன்.

புதியவை என்ன என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற முகமா இது.

ஜூன் 17

மதியம் பன்னிரண்டு. அவள் ஒரு விசையைத் தட்டினாள், அவ்வளவுதான். ஏதாவது சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மணிக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். எல்லா மெஷினையும் நிறுத்தி நிறுத்திப் போடுகிறார்களாம், ஏதோ ஒரு பூட்டில் ஓட்டையாம், தலைவலி என்றார். மகள், "அப்படியா, பார்த்து வேலை செய்ங்க" என்றாள். வைத்துவிட்டுச் சிரித்தாள். பதினான்கு நாளில் முதல் சிரிப்பு. பிறகு என் தட்டிலிருந்தே இரண்டு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

முத்திரையை ஏன் மாற்றினோம் என்று உலகத்துக்கு எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். தவறு நடந்தது, நடந்த அன்றே இல்லாவிட்டாலும் தெரிந்த மறுநாளே ஒப்புக்கொள்ளப்பட்டது, அதனால்தான் இரண்டாவது தவறும் வெளியே வந்தது என்று இருந்தது. மறுநாள் இல்லை, இரண்டு நாள் ஆயிற்று, திருத்து என்றேன். திருத்தினாள்.

ஜூன் 19

போன் டைரியை மகள் அழித்தாள். மூன்று வருடம் சொன்னது. அழிப்பதற்கு முன்னால் கடைசி இரண்டு நாளை மட்டும் மாப்பிள்ளை ஒரு நோட்டில் எடுத்து எழுதிக்கொண்டார். ஆறாம் தேதியிலிருந்து மனதில் இருந்ததை நான் சொல்ல, அதையும் அவரே எழுதினார். எழுதிக்கொண்டே வந்தவர் ஆறாம் தேதியில் பேனாவை வைத்துவிட்டார். "என் ஆஸ்பத்திரிய வச்சுக்கிட்டு அப்பாவும் மகளும் என்கிட்டயே ரசம் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்க." எழுந்து போய்விட்டார். பிறகு அவரே வந்து பேனாவை எடுத்தார்.

ஜூன் 22

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தேன். மகள் உள்ளே வந்தாள். கையில் போன் இல்லை. வீட்டில் இருந்த போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். என் காதோரம் குனிந்தாள். கன்னத்து நுரை அவள் மூக்கில் ஒட்டிக்கொண்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

புதிய பன்னிரண்டையும் ஒரு தடவைதான் சொன்னாள். நானும் திருப்பிக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை நோட்டை விரித்துக்கொண்டு, "இன்னிக்கு என்ன மாமா எழுதணும்?" என்றார்.

சவரம் செய்தேன், வெட்டுப்படவில்லை என்று எழுதச் சொன்னேன்.