எழுநூற்று நான்காம் ஆட்டக்காரர்

ஜனவரி 9, செவ்வாய்

பயிற்சிக்கு வர வேண்டிய இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேர் வந்தார்கள். மைதானம் உறைந்து கிடந்தது. ஒருவன் தன் ஷிஃப்ட் மாறிவிட்டது என்றான். மற்றவர்கள் காரணம் சொல்லும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கு நடுவே கழகத் தலைவர் ரஸ்ஸல் டைசன் கோட்டுக்கு மேல் கோட்டு அணிந்து வந்து நின்றார்.

"புரொஃபசரே, ஒரு சந்தோஷ சமாச்சாரம். நீ 705 இல்லப்பா. 704!"

இந்த அணியின் பயிற்சியாளனாக, இவருடைய சந்தோஷ சமாச்சாரங்களால் ஐந்து ஆண்டுகளாக அவதிப்படுபவன் நான். எங்கள் தார்ன்ஷா ரக்பி கழகத்துக்கு முதன்முதலாக ஆடிய வரிசைப்படி ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஓர் எண் உண்டு. செத்த பிறகும் அது அவனுடையதுதான். 704 வெய்ன் ஹெப்வொர்த். மனைவி டோனாவை விட்டுவிட்டு அவன் மாரடைப்பில் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

என் எண்ணைத் திருத்தச் சொல்லி யார் கேட்டது?

ஜனவரி 11, வியாழன்

இது சிரில் ஆம்லரின் வேலை. எண்பத்தொரு வயது, முப்பது ஆண்டுகளாகக் கழகத்தின் வரலாற்றை எழுதுபவர். நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு மலருக்காகத் துழாவியபோது 1990 மார்ச் 4 ஆட்டத்தின் படம் ஒன்று சிக்கியிருக்கிறது. அன்றைய பட்டியலில் இடது ஓரத்தில் ஆடியவனின் பெயர் 'வேறொருவர்'.

அது நான்.

எனக்கு அப்போது இருபத்தோரு வயது. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டு, கனவான்களுக்குரிய யூனியன் ரக்பி ஆடிக்கொண்டிருந்தேன். தார்ன்ஷா போன்ற கழகங்கள் ஊதியம் கொடுத்து ஆடவைக்கும் லீக் ரக்பியை ஒருமுறை தொட்டாலே ஆயுள் தடை விதிப்பார்கள் அந்தக் கனவான்கள். ஆகவே சோதனை ஆட்டத்துக்கு வருகிற எவனுக்கும் பெயர் கிடையாது, பட்டியலில் 'வேறொருவர்' என்றே போடுவார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் ஒப்பந்தம் செய்து என் சொந்தப் பெயரில் இறங்கினேன். இடையே, மார்ச் 11 அன்று, வெய்ன் தன் முதல் ஆட்டத்தை ஆடிவிட்டான்.

சோதனை ஆட்டத்தையும் சேர்த்தால் நான் 704, அவன் 705. சிரில் சொல்வது முற்றிலும் சரி. எனக்கு ஆத்திரமே அதனால்தான்.

ஜனவரி 14, ஞாயிறு

சிரிலின் படத்தில் இல்லாதது ஒன்று உண்டு. அன்று இடது ஓரத்தில் ஆட வேண்டியவன் வெய்ன்தான். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பயிற்சியாளர் அவன் கையிலிருந்த சட்டையை வாங்கி என்னிடம் கொடுத்தார், படித்த பையனைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று.

"பாத்துப் போட்டுக்க. தோள்ல கொஞ்சம் பிடிக்கும்" என்றான் வெய்ன். அவ்வளவே. பிறகு பதினோரு ஆண்டு என் பக்கத்தில் ஆடினான். ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

ரஸ்ஸலிடம் தொலைபேசியில் சொன்னேன்: இந்தத் திருத்தம் வேண்டாம். அவர் பத்திரிகைக்காரனிடம் ஏற்கெனவே பேசிவிட்டாராம். பேரில்லாமல் வந்தவர் பயிற்சியாளரான கதை, முழுப் பக்கம்.

"செத்தவன் என்ன சண்டைக்கா வரப்போறான்?"

"அவன் கல்லறைக் கல்லுல அந்த எண்ணு இருக்கு, ரஸ்ஸல். பைபிள் வசனம்கூட வேணாம்னு டோனா அதத்தான் செதுக்கச் சொன்னா."

"அட, நாலை அஞ்சாக்க எவ்ளோ நேரம் ஆயிடும்?"

தொலைபேசியை மிக மெதுவாக வைத்தேன். என் விஷயத்தில் அது நல்ல அறிகுறி அல்ல.

ஜனவரி 21, ஞாயிறு

டோனாவைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க தலைவர் ஃபோன் பண்ணான். கல்லுக்கு ஆள் அனுப்புறானாம். 'நீயும் கூட வா ரஸ்ஸல், பக்கத்துல எடம் காலியாத்தான் இருக்கு'ன்னேன்."

சிரித்தோம். தேநீர் ஊற்றினாள். பிறகு கேட்டாள்:

"நெசமாவே நீதான் ஆடுனியா?"

"ஆமா."

"அப்ப உன்னுதுதானே. எடுத்துக்க." கெண்டியை வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தாள். "அன்னிக்கு வெய்னோட அப்பா வீட்டுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்திருந்தாராம். மகன் ஆடலைன்னு தெரிஞ்சதும் ஆட்டம் முடியற வரைக்கும் வண்டிய விட்டே எறங்கலயாம். வெய்ன் சொல்லுவான்."

என்னிடம் சொன்னதில்லை. முப்பது ஆண்டு ஒரே மேசையில் குடித்திருக்கிறோம் — ஏன்டா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

ஜனவரி 25, வியாழன்

குழுக் கூட்டம். பெயரில்லா ஆட்டம் கணக்கில் சேர வேண்டுமானால் ஆடியவனே ஒப்புக்கொண்டு கையொப்பமிட வேண்டும், அது விதி. சிரில் படத்தை என் முன் நகர்த்தினார். சேறு பூசிய முகம், தலையைச் சுற்றிப் பட்டை.

"தம்பி, இது நீதானே?"

"இல்ல, சிரில்."

அவர் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அப்ப இது யாரு?"

"தெரியாது. வேற யாரோ."

ரஸ்ஸல் மேசையைத் தட்டினார். "அட என்னய்யா இது! அந்த மூக்கு ஊருக்கே தெரியுமே! மூணு தடவ ஒடஞ்ச மூக்கு!"

"அந்தப் படத்துல இருக்குற மூக்கு நேரா இருக்கு, ரஸ்ஸல்."

உண்மைதான், அதன் பிறகுதான் அது உடைந்தது. யாரோ இருமிச் சிரிப்பை அடக்கினார்கள். அந்த ஆட்டத்தில் நான் ஆடவில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். வரலாற்றில் முதல் வகுப்பில் தேறியவன், எழுத்துப் பிழை இல்லாத ஒரு பொய்யை எழுதிக் கொடுத்தான்.

சிரில் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி உறையிலிட்டார். அவர் தவறு செய்தார் என்று இதுவரை எவரும் சொன்னதில்லை. நான் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை, கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஜனவரி 26, வெள்ளி

ரஸ்ஸல் என்னுடன் பேசவில்லை. இந்த ஆண்டின் முதல் நல்ல நாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சிரில் பயிற்சி பார்க்க வரவில்லை. தொடர்ந்து மூன்றாவது வாரம்.

மார்ச் 9, சனி

ஆண்டு மலர் தபாலில் வந்தது. உறையின் மேல் முகவரி சிரிலின் கையெழுத்தில். உள்ளே கடிதம் எதுவும் இல்லை.

704, வெய்ன் ஹெப்வொர்த். 705, மார்ட்டின் சக்டன், அதாவது நான். கீழே சிறிய எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: '1990 மார்ச் 4 அன்று இடது ஓரத்தில் ஆடியவர் யாரென்று உறுதி செய்ய இயலவில்லை, எனவே அவருக்கு எண் இல்லை. அவர் பந்தை மூன்று முறை நழுவவிட்டதும், ஒரு முறை திசை தவறி ஓடியதும் மட்டுமே அறியக் கிடைக்கின்றன.'

நழுவவிட்டது இரண்டு முறை. மூன்றாவது நடுவரின் பிழை. திசை தவறி ஓடியது என்பதோ கலப்படமற்ற அவதூறு.

மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள சிரில், அந்த ஆட்டத்தில்' என்பதுவரை வந்துவிட்டேன். அதற்குமேல் போக எழுவாய் இல்லை.