அப்பா அனுப்பிய கடலை எண்ணெய்

செவ்வாய், இரவு.

எண்ணெயில் பூச்சிமருந்து எவ்வளவு என்று அளக்க, மருந்தே படாத எண்ணெயை முதலில் மெஷினில் ஓட்டுவோம். அது காட்டுவதை மற்றதிலிருந்து கழிப்போம். எங்கள் ஒரகடம் லேபில் அந்தச் சுத்தமான எண்ணெய் தீர்ந்துபோனதால், போன வாரம் ஊரிலிருந்து அப்பா அனுப்பிய கடலை எண்ணெயில் கொஞ்சம் எடுத்து அதற்குப் பதிலாக வைத்தேன். அவர் தன் கடலைக்கு மருந்து அடிக்காதவர்.

இன்று லேபுக்கு மருந்து படாத எண்ணெய் புது பாட்டில் வந்தது. இரண்டையும் ஓட்டினால், அப்பாவின் எண்ணெயில் மருந்து. மெஷினுக்குள் எண்ணெயைச் செலுத்தும் ஊசியை மாற்றியும் அதேதான்.

போனில் கேட்டேன். “ஒரு சொட்டு அடிக்கலம்மா. நீ திங்கதுக்குன்னு தனியா ஆட்டுனது” என்றார்.

மெஷின் பொய் சொல்கிறதா, அப்பாவா? அந்த அளவைக் கழித்துத்தான் ஒரு வாரமாக எல்லா எண்ணெயையும் பாஸ் போட்டேன். சூப்பர்வைசரிடம் என்னவென்று சொல்வது?

அறைத்தோழி மீனா அதே எண்ணெயில் அப்பளம் பொரித்து நீட்டினாள். “இன்னாடி யோசிச்சிக்கினு கீற? துன்னு.”

வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டு தின்றேன்.