டூட்டி முடிந்த பிறகு

அன்பு மேகலா,

வார்டில் நீ இன்சார்ஜ், நான் ஸ்டாஃப் நர்ஸ். அதனால் எல்லார் முன்னாலும் உன்னை மேடம் என்றேன். நாலு வயது சின்னவள் நீ. இனி மேடம் வேண்டாம்.

நீ வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. கும்மிடிப்பூண்டியில் நம் ஆஸ்பத்திரி அப்படியேதான் இருக்கிறது. கம்பெனி ஆட்கள் கையில் அடி, காலில் அடி என்று வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மூன்று மாத அனுபவச் சான்றிதழுக்காக வந்தவள் நான். முதல் வாரமே மகனுக்குக் காய்ச்சல். சோழவரத்திலிருந்து முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். நீ என் ஆறு பெட்டுக்கும் மருந்து கொடுத்து முடித்திருந்தாய். "கொழந்தைக்கு இப்ப எப்டிக்கா கீது? மொதல்ல போய் நாஷ்டா சாப்டுகினு வா" என்றாய். அவ்வளவுதான். ஏழு வருடம் தங்கிவிட்டேன்.

அந்த ஏழு வருடமும், வார்டில் வேலை மிச்சமிருந்தால் டூட்டி முடிந்தும் நின்றேன். எல்லாருமே நின்றோம், யாரும் சொல்லாமலே. உதவுவது என் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். கொஞ்சம் பெருமையும் உண்டு.

புது இன்சார்ஜ் கெட்டவர் இல்லை. தாமதத்தை நோட்டில் எழுதுவார், காரணம் கேட்க மாட்டார். நாங்களும் மணி இரண்டானால் பையைத் தூக்கிவிடுகிறோம்.

போன செவ்வாய்க்கிழமை, சரியாக இரண்டு மணிக்கு, தேர்வாய் கண்டிகை கம்பெனி ஒன்றிலிருந்து மூன்று பேர் தீக்காயத்தோடு வந்து இறங்கினார்கள். மதிய டூட்டிக்கு கவிதா மட்டும்தான் வந்திருந்தாள். "கொஞ்சம் கை குடுத்துட்டுப் போக்கா" என்றாள். "என் டூட்டி முடிஞ்சிடுச்சிமா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அப்படிப் போனது நான்தான், மேகலா, வேறு யாரும் இல்லை.

மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். மறுநாள் கவிதா ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாள். என்னோடு சண்டை போடவில்லை. கை கழுவிக்கொண்டே, "மேடம் இருந்திருந்தா நீ போயிருப்பியாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

போயிருக்க மாட்டேன். அப்படியானால் ஏழு வருடம் அங்கே நின்றது யார், நானா, நீயா?

வெட்கமாக இருக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள், கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை.

அவள் கிளம்ப இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதில் ஒரு நாள்கூட அவளைத் தனியாக நிற்கவிட மாட்டேன். இதை உனக்காகச் செய்யவில்லை. நீ இல்லாமலும் என்னால் ஆகிறதா என்று பார்க்கிறேன்.

உன் அக்கா,
சரளா