மல்லிகாக்காவின் டைரியைப் படித்தவர்கள்

என் மல்லிகாக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். உயிரோடு இருந்தபோது அதற்கு நீ சொன்ன பதில் எப்போதும் "நல்லா இருக்கேன்"தான். அந்தப் பொய் இனி வேண்டாம்.

போன வாரம் பல்லாவரத்தில் ஒரு கல்யாணத்தில் உன் புருஷனைப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாதே.

கீழ்க்கட்டளைக்கு வாழப் போனபோது நீ பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் வெளியே போன பிறகு சமையலறையில் உட்கார்ந்து டைரி எழுதுவாய். அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "கோபத்தை எல்லாம் அதுல எழுதிடுவேன்டி. எழுதிட்டா அடங்கிடுது. அப்புறம் அவங்களுக்கே சிரிச்சுக்கிட்டு காபி போட்டுக் குடுக்க முடியுது" என்றாய். அந்தக் குடும்பத்தில் உன்னை நிற்க வைத்ததே அந்த எழுத்துதான்.

மெத்தையை வெயிலில் போட எடுத்த உன் மாமியார் கையில், அதன் அடியில் நீ ஒளித்து வைத்திருந்த டைரி கிடைத்தது. உடனே செம்பாக்கத்திலிருந்து அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்தார்கள். நானும் கூட வந்தேன். கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, உன் புருஷன், என் மாமா, அதை உரக்கப் படித்தார். "நான் சாப்பிட்டேனான்னு இன்னைக்கும் யாரும் கேக்கலை." அவர் தம்பி சிரித்தான். நீ கதவோரம் நின்றாய், உடம்பில் துணி இல்லாதவள் போலக் கைகளால் மார்பை மூடிக்கொண்டு.

அப்பா உனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன். நீயும் நினைத்திருப்பாய். அவர் எழுந்து கைகூப்பினார். "இனிமே எழுத மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு."

பெற்ற மகளுக்கு அவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு அது ஒன்றுதான்.

அதன் பிறகு நீ எழுதவில்லை. பேசவும் இல்லை. மருமகள் திருந்திவிட்டாள் என்று அவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மார்பில் கட்டி வந்ததைக்கூட யாரிடமும் சொல்லாமல் மறைத்தாய். தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று அழுதேன். "சொன்னா என்னாகும்னுதான் பார்த்தோமேடி" என்றாய்.

இப்போது கல்யாண வீட்டுக்கு வருகிறேன். மாமா மறுமணம் செய்துகொண்டது உனக்குத் தெரிந்திருக்கும். சில காலமாகத் தூக்கம் வரவில்லையாம், படபடப்பாம். தாம்பரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். பந்தியில் என் எதிரே உட்கார்ந்து சொன்னார்: "மனசுல இருக்கறதை தினமும் எழுதச் சொன்னார்மா. எழுதறேன். பாரமே குறைஞ்ச மாதிரி இருக்கு."

நீங்கள் எழுதுவதை வீட்டில் யாராவது படிப்பார்களா என்று கேட்டேன்.

"சேச்சே. அதை யாரும் தொடக்கூட மாட்டாங்க. நம்ம மனசு நமக்கு மட்டும்தானே?"

அவருக்கு எதுவுமே நினைவில்லை, அக்கா. நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டார். இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் உன் திதி. வழக்கம்போல எல்லோரும் வருவார்கள். உன் படத்தைப் பார்த்து, "வாயில்லாப் பூச்சி, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டா" என்று உன் மாமியார் ஆரம்பிப்பார். அப்பா தலையாட்டுவார். இந்த முறை நான் விடப்போவதில்லை. "அவளுக்கு வாய் இருந்தது. நீங்க எல்லாரும் சேர்ந்துதான் அதை மூடினீங்க" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
சுமதி