அண்ணிக்கு என்ன பிடிக்கும்?

அன்புள்ள அண்ணி,

அங்கே உங்களை உட்கார வைத்துப் பரிமாற யாராவது இருக்கிறார்களா? இல்லை, போன இடத்திலும் கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டு விட்டீர்களா? உங்களை நம்ப முடியாது, அதனால்தான் கேட்கிறேன்.

அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கப் போகிறார்கள் என்று ஊரில் ஒரே பேச்சு. தேரடித் தெரு ஓட்டலில், பேமிலி ரூமுக்கு இப்போது மின்விசிறி மாட்டியிருக்கிறார்கள். அந்த ஓட்டலைப் பற்றித்தான் உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் உங்கள் இருதயத்துக்காக மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் ஊசி போடச் சொன்னார்கள். அண்ணனுக்கு நிலத்தை விட்டு வர முடியாது. அடி அண்ணாமலையிலிருந்து உங்களை பஸ்ஸில் கூட்டிப் போகும் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் ஊசி அன்றே கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகலாமா என்று கேட்டீர்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. வீட்டில் சோறு இல்லையா என்று அண்ணன் சத்தம் போடுவார் என்பதால் அவரிடம் மூச்சு விடவில்லை.

சர்வர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்பார். என்னென்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவர் இட்லியில் தொடங்கி அடை வரைக்கும் ஒப்பிப்பார். இன்னொரு தடவை சொல்லச் சொல்வீர்கள். இவ்வளவு விசாரணைக்கும் பிறகு என்றைக்கும் ஒன்றுதான்: ரவா தோசை, முறுகலாக, வெங்காயம் ஜாஸ்தி. காப்பிக்குச் சர்க்கரை கம்மி. அண்ணிக்கு நாக்கு நாலு முழம் என்று நான் கேலி செய்வேன். நீங்கள் சிரிப்பீர்களே தவிர ஒரு நாளும் மறுத்ததில்லை.

வீட்டில் பதினோரு பேர். தீபத்துக்கு வரும் சொந்தக்காரர்களைச் சேர்த்தால் முப்பதுக்கும் மேல். ஒவ்வொரு இலையாகக் குனிந்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே போவீர்கள். கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து அடுப்படியிலேயே சாப்பிட்டு முடிப்பீர்கள். நானும் தினமும் பார்த்தேன். பார்த்தது எதுவும் புத்தியில் ஏறவில்லை.

கால் வீங்கி நீங்கள் படுத்ததும் ஆஸ்பத்திரியில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அந்த நிலையில் ஒரு நாள், ஒரே ஒரு தரம் ஓட்டலுக்குக் கூட்டிப் போகிறாயா என்று கேட்டீர்கள். ஒரு தோசை என்ன செய்துவிடும் என்று நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ரவா தோசையைப் பார்சல் கட்டி வாங்கி, சூடு ஆறுவதற்குள் மூச்சிரைக்க மிதித்து வந்தேன். நீங்கள் இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டீர்கள். எனக்கு வந்த கோபத்தில் ஏதேதோ சொன்னேன்.

"தோசைக்கா ஏங்கினேன் தம்பி? அங்க போனா ஒருத்தர் வந்து நின்னு, உனக்கு என்ன வேணும்னு கேக்கறாரு. அதுக்குத்தான்."

அப்போதாவது, சரி அண்ணி, இப்போது என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? உடம்பு தேறட்டும், போகலாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். உடம்பு தேறவேயில்லை.

கருமாதிப் படையலில் இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமே. அண்ணிக்கு என்ன பிடிக்கும் என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை என்று ஒரு அத்தை பெருமையாக வேறு சொன்னாள். அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எனக்குத் தெரியும் அண்ணி, எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் ஓட்டல் சாப்பாட்டு உப்புதான் உங்களைக் கொண்டுபோனது என்று அண்ணன் சொல்லிவிட்டால்? அது உண்மையாகவும் இருந்துவிட்டால்? நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணனுக்குப் பிடித்த அதிரசத்தைச் சுட்டு வைத்தார்கள். அதற்கப்புறம் வருடா வருடம் திதியன்று உங்கள் இலையில் அதிரசம்தான்.

இந்த வருடம் என்னால் பொறுக்க முடியவில்லை. காலையிலேயே டவுனுக்குப் போய் ரவா தோசையும் காப்பியும் வாங்கி வந்து இலையில் வைத்தேன். இது எதற்கு என்றார் அண்ணன். அண்ணிக்குப் பிடிக்கும் என்றேன்.

"உனக்கு யாருடா சொன்னது?"

"அண்ணிதான். ஓட்டல்ல சர்வர் கேட்டாரு, அவங்க சொன்னாங்க."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பைப் பற்றிய பயத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். அவர் இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பதினெட்டு வருசம் குடித்தனம் பண்ணேன். நான் ஒரு நாள்கூட கேக்கலியேடா" என்று சொல்லி அழுதார். அப்பா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த உப்பு உங்கள் உடம்பை எவ்வளவு கெடுத்தது என்று அவரும் சொல்லவில்லை. இனி அதை யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று என் மனைவியிடம், உனக்குச் சாப்பிட என்ன பிடிக்கும் என்று கேட்டேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. "ஏங்க, ஒடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாளைக்கும் கேட்பேன் அண்ணி. அவள் பதில் சொல்லும்வரை கேட்பேன்.

உங்களிடம் கேட்காமல் விட்ட கொழுந்தன்,
ஏழுமலை