நீ ஓடிக் கடந்த எல்லை

இன்று காலை மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில், கார்க் கண்ணாடி மாற்றும் கடையொன்றில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற காரின் உடைந்த பக்கக் கண்ணாடியை ஒருவர் சட்டத்திலிருந்து தட்டித் தட்டி உதிர்த்தார். கற்கண்டைத் தரையில் கொட்டியதுபோல ஒரு சத்தம். என் கை தானாகவே வாயைப் பொத்திக்கொண்டது. அவர் பிரெஞ்சில் சுகமா என்று கேட்டார். நான் "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

தோழி, பத்து வருடத்துக்கு முந்திய அந்தச் சனிக்கிழமை விடியப்புறம் நீ தொலைபேசியில் சொன்னது ஒரே ஒரு வசனம். "வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போடி." என் டொலார்ட் வீட்டிலிருந்து நீ இருந்த நியூ ஜேர்சிக்கு ஆறு மணித்தியால ஓட்டம். நான் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. உன் புருஷன் வேலைக்குப் போயிருந்தான். நீ சந்தைக்குப் போகிறவள்போல ஒரு பையோடு கடை வாசலில் நின்றாய். வெயில் கொளுத்தியது, நீயோ கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டிருந்தாய். காரில் ஏறியதும் அதைக் கழற்றினாய். இரண்டு பக்கமும் விரல்கள் பதிந்து நீலம் பாரித்திருந்தது.

"பாஸ்போட்டை அவன் அலுமாரியிலை வைச்சுப் பூட்டிப்போட்டான். எப்பிடி விடுவாங்கள்?"

"நீ கனடாக்காரி. விடத்தான் வேணும்" என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரிந்தவள்போலச் சொன்னேன்.

மலைகள் தொடங்கிய பிறகு நீ என் தோளைத் தொட்டாய். "நான் பயந்துபோய்த் திரும்புவம் எண்டு கெஞ்சினாலும் காரைத் திருப்பாதை. சத்தியம் பண்ணு." பண்ணினேன். இரண்டு தரம் கெஞ்சினாய். நான் திருப்பவில்லை.

எல்லையில் கோடை விடுமுறை முடிந்து வருகிறவர்களின் வரிசை. கூரையில் சைக்கிள்களும் படகுகளும் கட்டிய கார்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. கனடாச் சாவடியின் கூரை தெரிந்தது. அதைக் கண்டு நீ முதன்முறையாகச் சிரித்தாய். அப்போதுதான் வரிசையோரமாகப் பாய்ந்து வந்த ஒரு கார் எங்கள் காரின் பின்பக்கத்தில் இடித்தது.

உனக்குப் போக வேறு இடமில்லை என்று உன் புருஷனுக்குத் தெரியும். வீட்டில் உன்னைக் காணாமல் நேரே எல்லைக்கு விரட்டி வந்திருக்கிறான். அவன் சில்லுக் கழற்றும் இரும்போடு இறங்கி வருவதைக் கண்ணாடியில் கண்டேன். கதவைப் பூட்டினேன். அவன் பூட்டைப் பார்க்கவேயில்லை. ஒரே அடியில் உன் பக்கக் கண்ணாடி முழுவதும் உன் மடியில் கொட்டியது. இரும்பைக் கீழே போட்டுவிட்டு, உள்ளே கையை விட்டு உன் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தான். இருக்கைப் பட்டி உன்னை விடவில்லை, அவனும் விடவில்லை. உன் கழுத்து நடுவில் முறிகிறமாதிரி வளைந்தது.

கோடையிலும் நான் காரைவிட்டு எடுக்காத பனி தட்டும் தடி பின்சீற்றில் கிடந்தது. அதோடு சுற்றி ஓடிப்போய் அவன் முதுகில் அடித்தேன். தடி இரண்டாகப் போனது. அவன் திரும்பி என் வாயில் குத்தினான். தாரில் விழுந்தேன். ஒரு பல் நாக்கில் உருண்டது. சுற்றிவர எத்தனையோ கார்கள். பலர் கண்ணாடியை ஏற்றினார்கள். ஒரு கிழவர் மட்டும் ஹோர்னை விடாமல் அமத்திக்கொண்டிருந்தார்.

அவன் என்னிடம் திரும்பிய அந்தக் கணத்தில் நீ பட்டியைக் கழற்றிவிட்டாய். ஓடுவாய் என்று நினைத்தேன். நீ ஓடவில்லை. கீழே விழுந்து கிடந்த இரும்பை எடுத்து அவன் முழங்கையில் போட்டாய். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடியும் ஓங்கினாய், இந்தமுறை தலைக்கு நேரே. உன் முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை.

"வேண்டாமடி! ஓடு!" என்று இரத்தத்தோடு கத்தினேன்.

நீ இரும்பைப் போட்டுவிட்டு ஓடினாய். செருப்பில்லாமல், கார்களுக்கு நடுவால், கையிரண்டையும் தூக்கியபடி. துவக்குகளோடு அதிகாரிகள் ஓடிவந்தார்கள். "படு!" என்று பிரெஞ்சிலும் இங்கிலிசிலும் கத்தினார்கள். நீ எல்லைக் கோட்டைக் கடந்து நாலடி தள்ளித்தான் படுத்தாய். அளந்து படுத்தவள்போல.

அவனை அந்தப் பக்கத்து அமெரிக்கப் பொலிஸ் கொண்டுபோனது. எங்களை மணிக்கணக்காக விசாரித்தார்கள். உன் பழைய கியூபெக் சாரதி அனுமதிப் பத்திரத்தைப் பார்த்தும் கணினியில் தேடியும் நீ யாரென்று கண்டுபிடித்தார்கள். ஒரு பெண் அதிகாரி உன் உள்ளங்காலிலிருந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

அடுத்தநாள் மொன்றியல் ஆஸ்பத்திரியில், தைத்த உதட்டோடு உன் கட்டிலடியில் இருந்து நான் அழுதேன். முந்திய மாரியில் நீ எனக்கு மூன்று தரம் தொலைபேசி எடுத்தாய். மூன்று தரமும் நான் சொன்னது, "கொஞ்சம் பொறுத்துப் பாரடி, பிள்ளை ஒண்டு பிறந்தால் திருந்துவான்." அதை உனக்கு ஞாபகப்படுத்தி மன்னிப்புக் கேட்டேன். நீ என்னை ஆறுதல்படுத்தவில்லை.

"பிந்தித்தான் வந்தனி" என்றாய். பிறகு, "ஆனா வந்தனி."

அதன்பிறகு ஒன்பது வருடம் புரோசார்ட்டில் உன் சொந்த வீட்டில் இருந்தாய். கார்ட்ரி என்கிற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்தாய். போன வருடம் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது. உன் கட்டிலைச் சுற்றி நின்ற எவரும் உன்னை நோகப் பண்ணியவர்கள் இல்லை. அதை நினைத்து ஆறுகிறேன்.

போன மாதம் பூசை முடிந்தபின், கோயில் மண்டபச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் கையை உயர்த்தியபோது சட்டைக் கை மேலேறி, கன்றிய நீலம் தெரிந்தது. அவள் அவசரமாக இழுத்து மூடினாள். பக்கத்தில் நின்ற மூத்த பெண்ணொருத்தி, "எல்லா வீட்டிலையும் உள்ளதுதான் பிள்ளை, பொறுமையாய் இருக்கவேணும்" என்று ஆரம்பித்தாள். என் பழைய குரலையே கேட்டேன்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ரை கார் வெளியிலை நிக்குது" என்றேன். "இப்ப வாறீரோ?"